இளைத்தவனுக்கு எள்ளா? போட்டி ஆட்டங்களில் பலமிழந்த பாத்திரம் பற்றிய முப்பதாண்டு விவாதம்

நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பாத்திரங்கள் கொண்ட ஓர் இணைய ஆட்டம். அவற்றுள் ஒன்று போன மாதம்வரை நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. பேட்ச் என்ற திருத்தம் ஒன்று வந்தது. பாத்திரத்தின் அடி வலுக் குறைந்தது. அல்லது அதை யாரும் தொடவேயில்லை, பக்கத்தில் இருந்த வேறொன்று வலுத்தது. இப்போது அதைத் தேர்ந்தெடுத்தாலே அணியில் மற்ற நால்வரும் முகம் சுளிக்கிறார்கள். ஆட்டத்தை நடத்தும் நிறுவனம் அதைத் திரும்பத் தூக்கிவிட வேண்டுமா?

'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்பது நம் ஊர் வைத்தியம். ஆட்டக்காரர்களின் பேச்சில் எள்ளுக்குப் பெயர் பஃப், கொள்ளுக்குப் பெயர் நெர்ஃப். நெர்ஃப் என்பது நுரைப்பஞ்சுப் பொம்மை ஆயுதங்களின் பிராண்டுப் பெயர். 1997இல் வந்த அல்டிமா ஆன்லைன் ஆட்டத்தில் வாள்களின் வலுவைக் குறைத்தபோது, நெர்ஃப் பொம்மையால் அடிப்பதுபோல் இருக்கிறது என்று ஆடியவர்கள் கேலி செய்ததில் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டது என்பார்கள். வைத்தியத்தில் பெரிய சிக்கல் இல்லை. யார் இளைத்தவன் என்பதில்தான் சண்டை. அந்தச் சண்டையில் இதுவரை எடுக்கப்பட்ட முக்கிய நிலைப்பாடுகளையும், அவை எங்கே நொண்டுகின்றன என்பதையும் இக்கட்டுரை பார்க்கிறது.

பலகை மாற்றிய நாட்கள்

கேள்வி இணையத்துக்கு முந்தியது. கேப்காம் நிறுவனம் 1991இல் வெளியிட்ட ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2இல் ஆடுகிறவர் எடுக்கக்கூடிய பாத்திரங்கள் எட்டு. கைல் ஓங்கி நின்றான். எதிரியை நெருங்கிப் பிடித்தால்தான் பிழைப்பு என்றிருந்த சங்கீஃப், தூரத்திலிருந்தே தாக்குகிறவர்களிடம் திணறினான். காசு போட்டு ஆடும் கடைகளில் இருந்த இயந்திரத்துக்குள் ஆட்டம் சிப்புகளில் பதிந்திருந்தது. சரிசெய்வதென்றால் கடைக்காரர் புதிய பலகை வாங்கியாக வேண்டும். 1992இல் இரண்டு, 1993இல் ஒன்று, 1994இல் ஒன்று எனத் திருத்திய பதிப்புகள் வந்தன. அவை திருத்தங்கள் மட்டும் அல்ல, விற்பனைச் சரக்கும்கூட; சமன் செய்யும் நோக்கம் எவ்வளவு, வியாபாரம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம்.

1994ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒளிந்திருந்த அக்கூமா என்ற பாத்திரம் மிதமிஞ்சிய பலத்தோடு இருந்ததால், போட்டி நடத்துகிறவர்கள் அதைத் தடை செய்தார்கள். வடிவமைப்பாளர் வரும்வரை காத்திராமல் ஆடுகிறவர்களே செய்துகொண்ட மருத்துவம் அது. ஆனால் அந்த மருந்து ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் வேலை செய்யும். மிஞ்சிய பாத்திரத்தை விலக்கி வைக்கலாம். நலிந்த பாத்திரத்தை எடுத்தே தீர வேண்டும் என்று எந்தப் போட்டி விதியாலும் வற்புறுத்த முடியாது என்றே அன்று தோன்றியிருக்கும். இந்த ஏற்றத்தாழ்வு பின்னால் வந்த எல்லா விவாதத்திலும் நிழலாகத் தொடர்கிறது.

இணையம் வந்ததும் பலகை மாற்றும் செலவு போயிற்று. ரயட் நிறுவனத்தின் லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் ஏறத்தாழ இரண்டு வாரத்துக்கு ஒரு பேட்ச் வெளியிடுகிறது. சரிசெய்ய முடியாது என்றிருந்தவரை குறை பொறுத்துக்கொள்ளப்பட்டது. இரண்டு வாரத்தில் முடியும் என்றானபின், செய்யாமல் இருப்பதே ஒரு முடிவாகி, அந்த முடிவுக்கும் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

எண்கள் சொல்லட்டும்

இன்று ஓங்கி நிற்கும் நிலைப்பாடு இது: வெற்றி விகிதத்தைப் பார், தேர்வு விகிதத்தைப் பார், தடை விகிதத்தைப் பார், கோட்டுக்குக் கீழே போனால் தூக்கிவிடு. இதைத் தெளிவான விதியாகவே எழுதி வைத்தது ரயட். 2019இல் அது வெளியிட்ட சமன் வரையறை, ஆடுகிறவர்களை நான்கு அடுக்காகப் பிரித்தது: சராசரி ஆட்டக்காரர்கள், தேர்ந்தவர்கள், உச்சத்தில் இருப்பவர்கள், தொழில்முறை ஆட்டக்காரர்கள். ஒரு பாத்திரம் இந்த நான்கில் ஏதாவது ஓர் அடுக்கில் மிஞ்சினாலே அதைக் குறைக்கலாம். ஆனால் பலவீனம் என்ற முத்திரை விழ வேண்டுமென்றால் நான்கு அடுக்கிலும் பின்தங்கியிருக்க வேண்டும். முதல் மூன்று அடுக்குகளுக்கு வைத்த கோடு 49 சதவீத வெற்றி.

விதியின் சாய்வைக் கவனிக்க வேண்டும். ஓரிடத்தில் குற்றம் செய்தால் தண்டனை. நாலு இடத்திலும் பட்டினி கிடந்தால்தான் சோறு. இது கொடுமைபோலத் தெரிந்தாலும் காரணம் இருக்கிறது. மிஞ்சிய ஒரு பாத்திரம் அந்த ஆட்டத்தில் இருக்கும் பத்துப் பேரின் அனுபவத்தையும் கெடுக்கிறது. நலிந்த பாத்திரம் பெரும்பாலும் அதை எடுத்தவரையும் அவர் அணியினரையும் மட்டுமே பாதிக்கிறது.

இந்த நிலைப்பாட்டின் பலம், கூச்சலிலிருந்து விடுதலை. அதன் பலவீனங்கள் மூன்று. அவற்றில் இரண்டு பரவலாகப் பேசப்படுகின்றன, மூன்றாவது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

முதலாவது மாதிரியின் அளவு. பலரும் கைவிட்ட பாத்திரத்துக்கு ஆட்டங்களே குறைவு. 400 ஆட்டங்களில் 48 சதவீத வெற்றி என்றால், புள்ளியியல் கணக்குப்படி ஏறத்தாழ 5 சதவீதம் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தற்செயலாகவே நகரலாம். உண்மை 43ஆகவும் இருக்கலாம், 53ஆகவும் இருக்கலாம். 10,000 ஆட்டம் இருந்தால்தான் அந்த இடைவெளி ஏறத்தாழ 1 சதவீதமாகச் சுருங்கும். எந்தப் பாத்திரத்தைப் பற்றி அதிகம் தெரிய வேண்டுமோ அதைப் பற்றித்தான் எண்கள் குறைவாகப் பேசுகின்றன.

இரண்டாவது, யார் கையில் என்ற கேள்வி. இதற்கு ரைஸ் நல்ல உதாரணம். லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் 2009இல் தொடங்கிய காலத்திலிருந்தே இருக்கும் பாத்திரம். பலமுறை பிரித்துத் தைக்கப்பட்டது. 2016இல் செய்த மாற்றத்தில் அவனுக்கு ஒரு மந்திரம் கிடைத்தது. தரையில் ஒரு வட்டம் தோன்றும். இரண்டு விநாடிக்குள் அந்த வட்டத்தில் நிற்கும் கூட்டாளிகள் அத்தனை பேரும் வேறோர் இடத்துக்குப் பெயர்ந்துவிடுவார்கள். காதில் ஹெட்செட் மாட்டி, மாதக்கணக்கில் சேர்ந்து பயிற்சி செய்த ஐவர் கையில் இது பயங்கர ஆயுதம். 2019 உலகப் போட்டியில் அணிகள் ரைஸை எடுக்கவும் தடுக்கவும் முட்டிமோதின. ஒருவரையொருவர் அறியாத ஐவர் சேரும் பொது ஆட்டத்தில் அதே வட்டம் விழுந்தால் ஒருவர் மரத்தடியில் அரக்கனை அடித்துக்கொண்டிருப்பார், இன்னொருவர் கடைக்குப் போயிருப்பார், மூன்றாமவர் வட்டத்தின் விளிம்பில் நின்று யோசிப்பார். ரைஸ் தனியாகப் பெயர்ந்துபோய் எதிரிகளின் நடுவில் இறங்குவான். பொது ஆட்டங்களில் அவன் வெற்றி விகிதம் பல பேட்ச்களில் பட்டியலின் அடியில் கிடந்ததில் வியப்பில்லை. அங்கே தூக்கிவிட்டால் மேலே வெடிக்கும். மேலே அமுக்கினால் கீழே செத்துப்போகும். அதே ஆட்டத்தில் 2014இல் வந்த அசிர் என்ற பாத்திரத்தின் கதையும் இதே கதைதான்.

மூன்றாவது பலவீனம் நுட்பமானது. இணைய ஆட்டங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு தரமதிப்பெண் கொடுத்து, ஈடான எதிரிகளோடு இணைக்கின்றன. எப்போதும் ஒரே பாத்திரத்தை மட்டும் ஆடும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் பாத்திரம் நலிந்தால் முதலில் சில ஆட்டம் தோற்பார், மதிப்பெண் இறங்கும், சற்றே எளிய எதிரிகள் வருவார்கள், அவர் மறுபடியும் பாதிக்குப் பாதி ஜெயிக்கத் தொடங்குவார். அவர் பாத்திரத்தின் வெற்றி விகிதம் 50ஐ ஒட்டியே நிற்கும். பலவீனம் மறைந்துவிடவில்லை, வெற்றி விகிதத்திலிருந்து இறங்கி அவருடைய தரவரிசைக்குள் போய் ஒளிந்துகொண்டது. பிடிவாதமான ரசிகர்கள் மட்டும் எஞ்சிய பாத்திரத்தின் எண் ஆரோக்கியமாகத் தெரிவதற்கு இது ஒரு காரணம். எதிர்த்திசையில், கற்க நெடுநாள் பிடிக்கும் பாத்திரத்தை ஒருநாள் ஆசைக்கு எடுத்துப் பார்ப்பவர்கள் அதிகம் என்றால், அதன் எண் உள்ளதைவிட மோசமாகத் தெரியும். இரண்டு பிழைகளும் ஒரே அட்டவணையில் பக்கத்துப் பக்கத்து வரிசையில் உட்கார்ந்திருக்கும்.

பொறுத்திருங்கள் என்பவர்கள்

இரண்டாம் நிலைப்பாடு எதிர்முனையில் நிற்கிறது. பாத்திரம் நலிந்துவிட்டது என்று சொல்வதற்கு முன் அதை ஒழுங்காக ஆடிப் பார்த்தீர்களா என்று இது கேட்கிறது. இதற்கு ஆதாரமாக நிற்பவை, கைவைக்கப்படாமல் நெடுங்காலம் வாழ்ந்த ஆட்டங்கள்.

ஸ்டார்கிராஃப்ட் ஆட்டத்தின் புரூட் வார் பதிப்பு 1998இல் வந்தது. 2001ஆம் ஆண்டு 1.08 பேட்சுக்குப் பிறகு அதன் படைப்பிரிவுகளின் பலத்தை யாரும் மாற்றவில்லை. 2017இல் படங்களைப் புதுப்பித்து மறுவெளியீடு செய்தபோதும் மாற்றவில்லை. அதில் ஸெர்க் இனத்துக்கு ராணி என்றொரு பறக்கும் உயிரி உண்டு. தரையில் நிற்கும் ஒரு டாங்கியை ஒரே வீச்சில் அழிக்கும் சக்தி அதனிடம் இருந்தும், நெடுங்காலம் வீண்செலவு என்றே ஒதுக்கப்பட்டது. ஏறத்தாழப் பத்தாண்டு கழித்து, டெர்ரன் இனத்தின் டாங்கி வரிசைகளை உடைக்க வழிதேடிய கொரியத் தொழில்முறை ஆட்டக்காரர்கள் ராணிகளைக் கூட்டமாக இறக்கினார்கள். ஓர் எண்ணும் மாறவில்லை. ஆடுகிறவர்களின் தேவையும் கைத்திறனும் மாறின.

நிண்டெண்டோவின் சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலி இன்னும் வலுவான சாட்சி. 2001இல் வந்த அந்த ஆட்டத்துக்கு இணையம்வழிப் பேட்ச் என்பதே கிடையாது. ஊதினால் பறக்கும் எடைகொண்ட ஜிக்ளிபஃப் ஆரம்பகாலத் தரப்பட்டியல்களில் மதிக்கப்படவில்லை. பின்னாளில் ஹங்ரிபாக்ஸ் என்ற பெயரில் ஆடும் அமெரிக்கர் அதைக் கொண்டே உலகின் முதலிடத்தில் பல ஆண்டு உட்கார்ந்தார். யோஷியை நம்பிப் பெரிய போட்டிக்குப் போகிறவர் அரிது. ஜப்பானின் ஆம்ஸா அதை விடாமல் ஆடி, 2022 அக்டோபரில் தி பிக் ஹவுஸ் 10 போட்டியை வென்றார். ஆட்டம் வெளிவந்து ஏறத்தாழ 21 ஆண்டு ஆகியிருந்தது. 2003லோ 2005லோ ஒரு பேட்ச் வந்து யோஷியைச் 'சரிசெய்திருந்தால்' அந்த ஆட்டமுறை பிறந்திருக்குமா என்பது ஊகத்துக்குரியதே.

டெக்கன் 7 தரும் உதாரணம் இன்னும் வேடிக்கையானது. அதில் பாண்டா என்ற பாத்திரம் உண்மையாகவே ஒரு பாண்டா கரடி. பலரும் விளையாட்டுக்காக மட்டும் எடுப்பது. 2018 டெக்கன் உலகச் சுற்றின் இறுதியை ரங்சூ என்ற கொரியர் அந்தக் கரடியோடு வந்து வென்றார்.

இந்த நிலைப்பாட்டில் ஒரு தர்க்கப் பிழை பதுங்கியிருக்கிறது. தப்பிப் பிழைத்தவர்களை மட்டும் எண்ணுகிறோம். அதே மெலி ஆட்டத்தில் பௌசர் இருபது ஆண்டுக்கும் மேலாகப் பட்டியலின் அடியில் கிடக்கிறான். அவனுக்கு ஓர் ஆம்ஸா வரவில்லை. புரூட் வாரில் ராணிக்கு விடிவு வந்தது. புரோட்டாஸ் இனத்தின் ஸ்கவுட் விமானத்துக்கு வரவில்லை. விலை அதிகம், தரைத் தாக்குதல் அற்பம். இன்றும் யாராவது அதைக் கட்டினால் அது எதிரியை அவமதிக்கும் சைகையாகவே எடுத்துக்கொள்ளப்படுகிறது. ராணியையும் ஸ்கவுட்டையும் 2001இல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஒருவர், எது விழிக்கும், எது விழிக்காது என்று சொல்லியிருக்க முடியாது. பொறுமை சில நேரம் பலன் தருகிறது என்பது நிரூபணம். எப்போது என்பதற்கு விதி கிடைக்கவில்லை.

ஒரு மேதையின் வெற்றி பாத்திரத்தைப் பற்றிச் சொல்கிறதா, மேதையைப் பற்றிச் சொல்கிறதா என்பதும் சந்தேகம். ரங்சூ வென்றதும் உலகமே பாண்டாவுக்கு மாறிவிடவில்லை.

பலவீனமும் ஒரு வேடம்

சிலர் இன்னும் ஒரு படி போகிறார்கள்: பலவீனமான பாத்திரங்கள் இருப்பதே நல்லது. இந்த வாதத்தின் பிரபலமான வடிவம் சீட்டாட்ட உலகிலிருந்து வந்தது. மேஜிக் தி கேதரிங் ஆட்டத்தின் வடிவமைப்பாளர் மார்க் ரோஸ்வாட்டர் 2002இல் எழுதிய கட்டுரை ஒன்றில், மோசமான சீட்டுகள் தவிர்க்க முடியாதவை மட்டுமல்ல, தேவையானவையும்கூட என்று வாதிட்டார். எல்லாச் சீட்டும் சமமாகிவிட்டால் நல்லதைத் தேர்ந்தெடுக்கும் திறமைக்கு வேலை இல்லாமல் போய்விடும் என்பது அதில் ஒரு காரணம்.

சண்டை ஆட்டங்களில் இதற்குக் கேலி வடிவமும் உண்டு. 1995இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆல்ஃபாவில் வந்த டான் ஹிபிகி, போட்டி நிறுவனமான எஸ்என்கேயின் பாத்திரங்களைப் பகடி செய்யப் படைக்கப்பட்டவன். அவன் எறியும் நெருப்புப் பந்து நாலடி போவதற்குள் அணைந்துவிடும். மெலியில் வந்த பிச்சு, மின்சாரம் பாய்ச்சும்போது தனக்கே காயம் செய்துகொள்ளும். இவர்களைத் 'தூக்கிவிட்டால்' நகைச்சுவை செத்துப்போகும். பிச்சு 2018இல் ஸ்மாஷ் அல்டிமேட்டில் திரும்பி வந்தபோது தன் காயத்தையும் தாண்டிப் பலமாக அமைந்துவிட்டது. 2019இல் அதைக் குறைக்க வேண்டியதாயிற்று.

சீட்டு வாதத்தை இணைய ஆட்டப் பாத்திரத்துக்கு அப்படியே பொருத்துவது சரியாகத் தோன்றவில்லை. மோசமான சீட்டைக் கட்டிலிருந்து எடுத்துவிடலாம். அதற்கு ஒரு நிமிடம் போதும். ஒரு பாத்திரத்தில் ஊறிய கை, அடுத்ததுக்குப் பழக மாதங்கள் பிடிக்கும். சீட்டை யாரும் 'என்னுடையது' என்று சொந்தம் கொண்டாடி அடையாளமாக்கிக்கொள்வதும் அரிது.

கல், காகிதம், கத்தரி, கிணறு

கணிதம் பேசுகிறவர்கள் பாத்திரத்தைத் தனியாக எடை போடுவதையே மறுக்கிறார்கள். ஒன்றின் பலம் மற்றவற்றோடு உள்ள உறவு மட்டுமே என்பது அவர்கள் வாதம். சிறுவர்கள் ஆடும் கல், காகிதம், கத்தரியை வைத்தே இதைக் காட்டிவிடலாம்.

மூன்றும் இருக்கையில் சமன் முழுமை. ஜெர்மனியிலும் பிரான்சிலும் ஆடும் வகையில் நான்காவதாகக் கிணறு உண்டு. கல்லும் கத்தரியும் கிணற்றில் விழுந்துவிடும், காகிதம் கிணற்றை மூடிவிடும். கிணறு வந்த கணத்தில் கல்லின் நிலை என்ன? கல் கத்தரியை மட்டும் வெல்லும், காகிதத்திடமும் கிணற்றிடமும் தோற்கும். கிணறு கத்தரியையும் கல்லையும் வெல்லும், காகிதத்திடம் மட்டும் தோற்கும். கல் செய்யக்கூடிய எதையும் கிணறு செய்துவிடுகிறது, மேலும் செய்கிறது. விவரமறிந்தவர் இனி கல்லை எடுக்க மாட்டார். கல்லின் மீது யாரும் கைவைக்கவில்லை. இருந்தும் அது செத்துவிட்டது.

இப்போது கல்லுக்கு எள்ளுப் போடுவோம். பெரிய கல், கிணற்றை அடைத்துவிடும் என்று விதியை மாற்றினால், கல் கத்தரியையும் கிணற்றையும் வெல்லும், காகிதத்திடம் மட்டும் தோற்கும். கிணறோ கத்தரியை மட்டும் வெல்லும். சாவு கல்லிடமிருந்து கிணற்றுக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். சரி, நடுவழியாக இரண்டும் மோதினால் சமம் என்று வைப்போம். கல்லும் கிணறும் உயிரோடு இருக்கும். ஆனால் இரண்டும் கத்தரியை வெல்கின்றன, இரண்டும் காகிதத்திடம் தோற்கின்றன. பெயரைத் தவிர வித்தியாசம் இல்லை. பழைய மூன்றுக்கே திரும்பிவிட்டோம், ஒன்றுக்கு இரண்டு பெயர்.

நான்கு பொருளுள்ள சிறுவர் ஆட்டத்திலேயே ஒன்றைத் தூக்கும் முயற்சிக்கு இந்த மூன்று முடிவுகள்தான் என்றால், நூற்று எழுபது பாத்திரமுள்ள ஆட்டத்தில் என்ன ஆகும்? அங்கே வழிகள் அதிகம். அதனால் இவ்வளவு நெருக்கடி இருக்காது என்று சொல்ல இடமுண்டு. ஆனால் இரண்டு பாடங்கள் அளவு கூடினாலும் நிற்கின்றன. எல்லா வெற்றி விகிதங்களின் எடையிட்ட சராசரி எப்போதும் 50தான், ஆகவே ஒன்று ஏறினால் மற்றவை எங்கோ இறங்கியே ஆக வேண்டும். அடுத்து, சமம் ஆக்குவதற்கு மிக எளிய வழி ஒரேமாதிரி ஆக்குவது. அந்த வழியில் போனால் பாத்திரம் பிழைக்கும், அதை எடுப்பதற்கான காரணம் பிழைக்காது.

இங்கிருந்துதான் பலவீனத்தில் இரண்டு வகை பிரிகிறது. ஏதாவது ஒரு சூழ்நிலையிலாவது எடுக்கத் தகுந்த, ஆனால் சராசரியில் தோற்கும் பாத்திரம் ஒரு வகை. எந்தச் சூழ்நிலையிலும் அதைவிட மேலான இன்னொன்று இருக்கும் பாத்திரம் மற்றொரு வகை. கல் இரண்டாம் வகை. போட்டி ஆட்டக்காரராக இருந்து வடிவமைப்புக்கு வந்த டேவிட் சர்லின், எடுக்கத் தகுந்த தெரிவுகள் எத்தனை உள்ளன என்பதையே சமனின் அளவுகோலாக வைத்தார். அது இந்தப் பிரிவுக்கு நெருங்கி வருகிறது. எண்களை மட்டும் பார்க்கிறவர் இரண்டு வகையையும் ஒரே 47 சதவீதத்தில் காண்பார். முதல் வகைக்கு உடனடி வைத்தியம் தேவை என்பதற்கு வலுவான வாதம் எனக்குத் தென்படவில்லை. இரண்டாம் வகைக்குத் தேவை இல்லை என்பதற்கும் தென்படவில்லை.

தூக்கிவிட்டபோது நடந்தது

பிளிசார்டு நிறுவனத்தின் ஓவர்வாட்ச் 2016 மே மாதம் வந்தது. அதில் பாஸ்டியன் என்ற இயந்திரம் ஓரிடத்தில் ஊன்றிப் பீரங்கியாக மாறும். புதிதாக ஆடுகிறவர்களை அது அரைத்துத் தள்ளியது. தேர்ந்தவர்கள் பக்கவாட்டில் சுற்றிப்போய் எளிதில் கொன்றார்கள், தாங்களோ அதை எடுப்பதே இல்லை. மேல்தட்டில் நலிந்த பாத்திரம் என்று முடிவாகி, 2017 பிப்ரவரி கடைசியில் ஒரு பேட்ச் அதைத் தூக்கிவிட்டது. பல மாற்றங்களுக்கு நடுவில் ஒன்று: ஊன்றி நிற்கையில் அதன்மேல் விழும் அடியில் 35 சதவீதம் குறையும்.

கணக்குப் போட்டால் விபரீதம் புரியும். பாஸ்டியனின் உயிர்ப்புள்ளி 300. கவசத்தின் தனிக் கணக்கை விட்டுவிட்டாலும், 35 சதவீதக் குறைப்போடு அதைக் கொல்ல ஏறத்தாழ 461 புள்ளி அடி வேண்டும். பின்னால் நின்று ஒருவர் தொடர்ந்து குணப்படுத்தினால், அந்தக் குணமும் அதே விகிதத்தில் பெருகி மதிப்புக் கூடுகிறது. கூச்சல் கிளம்பிச் சில நாட்களுக்குள் ஆட்ட இயக்குநர் ஜெஃப் கப்லான் 35ஐ 20ஆகக் குறைப்பதாக அறிவித்தார். 461 என்பது 375 ஆயிற்று. ஒரே பேட்சில் நலிந்தவன் மிஞ்சியவனாகி, மறுபடி அமுக்கப்பட்டான். அடிப்படைச் சிக்கல் எண்ணில் இல்லை: ஓரிடத்தில் ஊன்றும் பாத்திரம் தெரியாதவனுக்கு எமன், தெரிந்தவனுக்கு எளிய குறி. எந்த எண்ணை வைத்தாலும் இரண்டில் ஒரு கூட்டம் அழும்.

எல்லாத் தூக்கலும் இப்படி முடிவதில்லை. சர்லின் 2008இல் ஸ்ட்ரீட் ஃபைட்டரின் 1994 பதிப்பை மறுவடிவமைத்தபோது, அடியின் வலுவை ஏற்றுவதைவிட, சில பாத்திரங்களின் கடினமான விரல்வேலையை எளிதாக்குவதில் கவனம் வைத்தார். மேதாவிகள் கையில் மிஞ்சாமல், சாதாரணக் கையில் நலிவு நீங்கும் வழி அது. யோசனை நேர்த்தியானதுதான். ஆயினும் ஜப்பானியப் போட்டிக்காரர்கள் குறைகளோடு கூடிய பழைய 1994 பதிப்பையே தொடர்ந்து ஆடுகிறார்கள். முப்பது வருடம் மனப்பாடமான குறை ஒருவகையில் விதியாகிவிடுகிறது போலும்.

பாத்திரத்தைத் தொடாமலே

விவாதம் பெரும்பாலும் பாத்திரத்தின் எண்களைச் சுற்றியே நடப்பதால் ஒரு வழி கண்ணில் படாமல் போகிறது: சுற்றுச்சூழலை மாற்றுவது. கொரியாவில் புரூட் வார் போட்டிகள் புதுப்புது வரைபடங்களைக் கொண்டுவந்தன. ஓர் இனம் தொடர்ந்து தோற்றால், குறுகிய கணவாய், தள்ளி வைத்த கனிமம், நீண்ட தரைவழி என நிலத்தை மாற்றிப் பார்த்தார்கள்.

ஓவர்வாட்சில் 2018, 2019 ஆண்டுகளில் டாங்கி எனப்படும் அடிதாங்கும் பாத்திரங்கள் மூன்றும் மருத்துவர்கள் மூவரும் சேர்ந்த கூட்டணி தொழில்முறை ஆட்டத்தை ஆக்கிரமித்தது. தாக்குதல் பாத்திரங்கள் ஒட்டுமொத்தமாக நலிந்தன. தனித்தனி எண்களைத் திருத்தியும் தீரவில்லை. 2019இல் ஒவ்வொரு வகையிலும் இருவர்தான் என்று விதி வைத்தார்கள். நலிந்தவர்கள் ஒரே நாளில் திரும்பி வந்தார்கள். விலையாக, அணி அமைக்கும் சுதந்திரம் போயிற்று.

லீக் ஆஃப் லெஜண்ட்ஸின் தொழில்முறைப் போட்டிகள் 2025இல் எடுத்த வழி இன்னும் துணிச்சலானது. ஒரு தொடரில் எந்த அணி எடுத்த பாத்திரமும் அந்தத் தொடரின் மீதி ஆட்டங்களில் இரு அணிக்கும் கிடையாது. ஐந்தாவது ஆட்டம்வரை போனால் 40 பாத்திரங்கள் ஏற்கெனவே செலவழிந்திருக்கும். அந்த ஆட்டத்துக்கு முன் அணிகள் தடுத்து விலக்கும் பாத்திரங்கள் 10 அதற்கு மேல். பட்டியலின் நடுவிலும் அடியிலும் தூங்கியவர்கள் வேறு வழியில்லாமல் மேடைக்கு அழைக்கப்படுகிறார்கள். நலிந்தவனை எடுக்கச் சொல்லி விதியால் வற்புறுத்த முடியாது என்று கடை இயந்திரக் காலத்தில் தோன்றியதற்கு, முப்பது ஆண்டு கழித்து வந்த பதில் என்று இதைச் சொல்லலாம். பொது ஆட்டத்துக்கு இது எப்படிப் பொருந்தும் என்பது வேறு கேள்வி. அங்கே தொடர் என்பதே இல்லை.

டைமண்ட் கொடுத்தவரின் நியாயம்

இதுவரை பேசியவை ஆட்டத்தின் நலம். வாங்கியவரின் நலம் வேறொரு வாதம். இந்தியாவில் 2022 பிப்ரவரியில் தடை செய்யப்படும்வரை தமிழ்நாட்டுப் பையன்கள் கைபேசியில் அதிகம் ஆடியவற்றுள் ஒன்று ஃப்ரீ ஃபயர். 2020 டிசம்பரில் கால்பந்து வீரர் கிறிஸ்டியானோ ரொனால்டோவைச் சார்ந்து க்ரோனோ என்ற பாத்திரம் அதில் வந்தது. தன்னைச் சுற்றி ஒரு கவசக் கோளத்தை எழுப்பும் திறன் அதற்கு. மிகையான பலம் என்று குற்றச்சாட்டு எழுந்து, அடுத்த ஆண்டில் ஒருமுறைக்கு மேல் குறைக்கப்பட்டது. காசு கொடுத்து டைமண்ட் வாங்கி, டைமண்டைக் கொடுத்துப் பாத்திரத்தை வாங்கிய ஒருவருக்கு, தான் வாங்கிய பொருள் இது அல்ல என்று தோன்றாமல் இருக்காது.

ஆனால் இந்த நியாயத்தை முழுசாக ஏற்றால், விற்ற எதையும் குறைக்கவே முடியாது. அப்படியானால் மற்றவர்களை எல்லாம் அதன் உயரத்துக்கு ஏற்ற வேண்டும். ஏற்றிக்கொண்டே போனால் பழையவை தானாகவே நலியும். வாங்கியவருக்குக் குறைந்தபட்சம் முன்னறிவிப்பும் காரணமும் உரியவை என்பதுவரை ஏற்கலாம். பழைய பலம் உரியது என்று சொல்ல, இந்த வாதம் மட்டும் போதாது.

இன்னும் தீராதவை

இந்த நிலைப்பாடுகளை வரிசையாகப் பார்த்தால், வெற்றி விகிதம் இறங்கிவிட்டது என்பது மட்டும் மறுசமனுக்குப் போதுமான காரணம் அல்ல என்றே சொல்லத் தோன்றுகிறது. எங்கும் எப்போதும் இன்னொன்றால் விழுங்கப்பட்ட பாத்திரத்துக்குத்தான் வழக்கு வலுவாக நிற்கிறது. அங்கும் விதி, வரைபடம், விரல்வேலை ஆகியவற்றைப் பார்த்த பிறகு அடியின் வலுவுக்கு வருவது பாதுகாப்பானது. ஆனால் ஒரு பாத்திரம் உண்மையிலேயே விழுங்கப்பட்டதா, அல்லது அதை ஆடத் தெரிந்தவர் இன்னும் வரவில்லையா என்பதை முன்கூட்டி எப்படி அறிவது?

இயந்திரங்கள் உதவலாம் என்று நம்புகிறவர்கள் உண்டு. ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் நிரல் தன்னோடு தானே ஆடிக் கற்று, 2019 ஏப்ரலில் டோட்டா 2 உலக வாகையரான ஓஜி அணியை வென்றது. மனிதப் பழக்கமோ பயமோ இல்லாத அத்தகைய ஆட்டக்காரன் பாத்திரங்களை எடைபோட்டால் எண்கள் தூய்மையாக இருக்கும். அந்தச் சோதனை 17 நாயகர்களோடு மட்டும் நடந்தது. டோட்டாவில் இருப்பவர்கள் நூறுக்கு மேல். அதைவிடப் பெரிய தடை ரைஸின் வட்டம். இயந்திரங்கள் ஐந்தும் தவறாமல் அதற்குள் வந்து நிற்கும். விளிம்பில் நின்று யோசிக்கும் மூன்றாமவரோடு ஆடும்போது ரைஸ் எவ்வளவு பலவீனம் என்பதை அவை சொல்லாது.

மிஞ்சுவது காலக்கெடு. இரண்டு வாரம் குறைவு என்பதில் பலரும் உடன்படுவார்கள். யோஷிக்கு ஏறத்தாழ 21 ஆண்டு பிடித்தது, ராணிக்கு ஏறத்தாழப் பத்து. தன் பாத்திரம் நலிந்துகிடக்கும் ஒரு பதினாறு வயதுக்காரர் கல்லூரிக்குப் போகும்முன் எத்தனை பேட்ச் காத்திருப்பார் என்று எந்த வரையறையும் இதுவரை எழுதவில்லை. பௌசரும் ஸ்கவுட்டும் இன்னும் அடியில்தான் கிடக்கிறார்கள்.